கீமோ வார்டில் ஒரு பெரட்டு

சில மாதங்களுக்கு முன் என் மகள் ரூபினியின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிகிச்சை நாள் மாற்றப்பட்டிருக்கிறது, புதிய நாள் பின்னர் தெரிவிக்கப்படும் என்று மலாயில் இரண்டு வரிகள். அவள் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் படித்தேன்.

"பின்னர்னா எப்பம்மா?" என்று கேட்டாள்.

நான் அந்த வார்டில்தான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதே கேள்வியை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தேன். அவை இன்னும் ஈரமாக இருந்தன.

ரூபினிக்கு இருபத்தாறு வயது. லிம்போமா என்று சொல்லும் நிணநீர்ப் புற்றுநோய். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஈப்போ அருகே குனோங் ராபாட் வீட்டில் காலைப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த நாட்களில், அவள் தலைமுடியை உயர்த்திக் கட்டும்போது கழுத்தோரம் அந்த வீக்கத்தைப் பார்த்தேன். தொட்டுப் பார்த்ததும் என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. "ஒண்ணுமில்ல, நாளைக்குக் கிளினிக் போலாம்" என்றேன். என் கணவருக்குச் சித்தியவானில் வேலை, வார இறுதியில்தான் வருவார். அன்று இரவே அவருக்குப் போன் செய்தேன்.

அந்தக் குறுஞ்செய்தி வந்த வாரத்தில்தான் ஷாமினி என்னை அழைத்தாள். என்னிடம் வேலை பழகிய இளம் தாதி.

"அக்கா, இப்ப எல்லாத்தையும் மெசேஜ்லயே அனுப்பச் சொல்லிட்டாங்க. படிச்சிட்டு ஆளுங்க போன் பண்ணி அழுறாங்க, ஏசுறாங்க. நாங்களும் என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறோம்லா. ஒங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்க? கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன், புதுசா வர்ற பிள்ளைங்களுக்குக் காட்டுறேன்."

அதற்காக எழுத உட்கார்ந்தேன். வேலை முறைகளை மட்டும் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். மற்றதும் சேர்ந்தே வருகிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர்ப் பால் வடிய மரப்பட்டையைச் சீவினார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு டவுனில் இடைநிலைப்பள்ளி, பிறகு தாதியர் பயிற்சி. முதலில் பாகான் செராய்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய மருத்துவமனையில் போட்டார்கள். பிரசவம், பாம்புக்கடி, மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள். அங்கே எல்லாம் உடனே நடக்க வேண்டும். ஈப்போவுக்கு மாற்றலாகி, கீமோ கொடுக்கும் பகல் வார்டுக்கு வந்தபோதுதான், தாதி வேலையில் பாதி காத்திருக்கிறவர்களோடு இருப்பது என்று தெரிந்துகொண்டேன். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

கீமோ என்பது நாள் குறித்ததும் வந்து ஏற்றிக்கொண்டு போவது அல்ல. முதல் நாளோ இரண்டு மூன்று நாள் முன்போ இரத்தம் எடுப்போம். வெள்ளணுக்கள் போதுமான அளவு இல்லையென்றால் மருந்து கிடையாது. காய்ச்சல் இருந்தாலும் கிடையாது. சில சமயம் இரத்தம் நன்றாக இருக்கும், மருந்து வந்து சேர்ந்திருக்காது. சில சமயம் இரண்டும் இருக்கும், நாற்காலி இருக்காது. ஒவ்வொரு தள்ளிப்போடலையும் யாராவது ஒருவர் நோயாளியிடம் சொல்ல வேண்டும்.

அதை எப்படிச் சொல்வது என்பதைக் கற்றுக்கொடுத்தவர் சிஸ்டர் பரமேஸ்வரி. எங்கள் வார்டின் தலைமைத் தாதி. அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். சிஸ்டர் பிறந்தது ஈப்போவில்தான். ஆனாலும் வீட்டுப் பேச்சை விடவில்லை. ஒல்லியான உருவம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு குட்டையான பிளாஸ்டிக் முக்காலி வைத்திருப்பார். கெட்ட செய்தி சொல்லப் போகும்போது அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடப்பார். அந்த முக்காலி நகர்ந்தால் வார்டே பேச்சை நிறுத்திவிடும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவிடம், "கவலப்படாதீங்க, சீக்கிரம் கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சிஸ்டர் என்னை மருந்து அலமாரிப் பக்கம் கூப்பிட்டார்.

"பிள்ளை, சீக்கிரம் எண்டா எப்ப?"

"தெரியாது சிஸ்டர்."

"உமக்குத் தெரியாததை அவவுக்கு ஏன் குடுத்தனீர்? அவ இண்டைக்கே வீட்டுக்குப் போய் போனுக்குப் பக்கத்தில இருப்பா. குளிக்கவும் போக மாட்டா."

பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே ஒருவருக்குப் போன் செய்து காட்டினார். முதலில் தன் பெயரைச் சொன்னார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். மருந்து வரவில்லை, அதனால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார். எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது என்பதையும் அப்படியே சொன்னார். மறுமுனையில் அழுகை. அது ஓயும்வரை சிஸ்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "வியாழக்கிழமை பின்னேரம் நான் உங்களுக்குப் போன் எடுப்பன். சொல்ல ஒண்டும் இல்லாட்டியும் எடுப்பன்" என்று சொல்லி வைத்தார்.

சொல்ல ஒன்றும் இல்லாத வியாழக்கிழமைகளிலும் எடுத்தார். விடுமுறையில் இருக்கும்போதும் வீட்டிலிருந்து எடுத்தார். ஷாமினி, நீ கேட்டதற்கு என்னிடமிருக்கும் பதிலில் பெரும்பகுதி இதுதான்.

மீதி, எங்கள் யாருக்கும் சொந்தமில்லாதது. நோயாளிகளே செய்துகொண்டது.

பாக்கியம் அக்கா மார்பகப் புற்றுநோய்க்கு வந்தவர். சுங்கை சிப்புட். பால்மரம் வெட்டியவர். கம்பெனி தோட்டத்தை விற்று, அங்கே வீடுகள் எழும்பிய பிறகு, ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், குடியேறியிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பத்துப் பேர்வரை ஒரே வேனில் எங்கள் வார்டுக்கு வருவார்கள். ஒரு தடவை ஒருவருக்கு மருந்து தள்ளிப்போனது. அவர் வீட்டில் படுத்து, யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். அடுத்த வேனுக்கு அவர் வராதபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. பாக்கியம் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"நாள் தள்ளிப்போச்சுன்னா வேன் கெடையாது. வேன் இல்லன்னா ஆள் மொகம் கெடையாது. வீட்டுக்குள்ளயே செத்துக் கெடந்தாலும் யாருக்குத் தெரியும்? இனிமே நான் காலையில பெரட்டு கூப்பிடப் போறேன்" என்றார்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன் தொழிலாளிகள் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கங்காணி பெயர் கூப்பிடுவார். பதில் சொன்னவருக்கு அன்றைய வேலை. அதற்குப் பெயர் பெரட்டு. பாக்கியம் அக்கா அதை வாட்ஸ்அப்பில் கொண்டுவந்தார். எழுத்து கிடையாது, படம் கிடையாது, குரல்தான். அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்குரியவர் "இருக்கேன்" என்று தன் குரலில் பதில் போட வேண்டும். பதில் வராவிட்டால் போன் போகும். போனும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டுவார். கடைசியில் தன் பெயரையும் தானே கூப்பிட்டு, "பாக்கியம்... இருக்கேன்" என்று முடிப்பார்.

நாங்கள் அதில் சேரலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "வேண்டாம். அது அவையின்ட. நாங்கள் உள்ளுக்குப் போனா அவை எங்களுக்காகக் கதைப்பினம்" என்றார். ஆனால் வார்டில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது பாக்கியம் அக்கா அன்றைய பெரட்டைச் சத்தமாகப் போட்டுவிடுவார். எல்லோரும் கேட்போம்.

அதில் அதிகம் சிரிக்க வைப்பவர் ஆறுமுகம் அண்ணே. இளமையில் மரம் வெட்டி, பிறகு லாரி ஓட்டியவர். அவருக்கும் ரூபினிக்கு வந்த நோய்தான். "இருக்கேங்க கங்காணி! மொட்ட அடிச்சாச்சு, அடுத்தது பத்துமல முருகன்தான்" என்பார். சீனப் பெண்மணி ஒருவரும் அந்த வேனில் வருவார், மேய் ஆன்ட்டி. சுங்கை சிப்புட் பாசாரில் காய்கறி விற்றவர், தமிழ் அரைகுறையாக வரும். அவர் "இருக்கேன் லா" என்று இழுப்பதை ஆறுமுகம் அண்ணே அப்படியே பேசிக் காட்டுவார்.

"ஏய், நீ ரொம்ப பேசுற. என் முடி மொளைச்சா உனக்குத் தர மாட்டேன்" என்பார் மேய் ஆன்ட்டி.

"வேணாம் ஆன்ட்டி, ஒங்க முடி எனக்கு நிக்காது. விறைப்பா இருக்கும்."

ஊசி குத்தும்போது அவர்களைச் சிரிக்காமல் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கும். நரம்பு நகர்ந்துவிடும்.

ஆறுமுகம் அண்ணேக்கு இரண்டு முறை நாள் தள்ளிப்போனது. முதலில் வெள்ளணு குறைவு, அடுத்து மருந்து வரவில்லை. இரண்டாவது தடவை சிஸ்டர் முக்காலியோடு போய்ச் சொன்னார். கேட்டுவிட்டு, "பரவால்ல சிஸ்டர், கட்டி என்ன ஓடியா போயிரப் போவுது" என்றார். வேனுக்குப் போகும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். கழுத்துக் கட்டி மறுபடி பெரிதாகத் தொடங்கியிருந்தது. அவருக்கும் அது தெரியும். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு மறைத்துக்கொள்ளப் பார்ப்பார்.

மூன்றாவது நாள் குறித்தோம். மூன்று நாள் முன்பு இரத்தப் பரிசோதனைக்கு அவர் வந்து போனபோது எண்ணிக்கை ஓரளவு இருந்தது. மருந்தும் வந்துவிட்டது. அந்த நாள் காலையில் பெரட்டில் அவருடைய "இருக்கேன்" மற்ற எல்லோருடையதையும்விடச் சத்தமாக இருந்ததாம். வேனில் பாக்கியம் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வார்டுக்குள் நுழையும்போது, "மிஸ்ஸி, மாப்பிள வந்தாச்சு, மணவறை எங்க?" என்று கேட்டார். எங்களை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நரம்பு பார்க்கக் கையைப் பிடித்தேன். விரல்கள் குளிர்ந்து கிடந்தன, நகம் வெளுத்திருந்தது. புறங்கையை அவருடைய கழுத்தில் வைத்தேன். சுட்டது.

"எப்பலேர்ந்து காய்ச்சல்ண்ணே?"

"காய்ச்சலா? வேன்ல ஏர்கோன் இல்ல மிஸ்ஸி. வெயிலு."

"அண்ணே."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "முந்தாநாள்லேர்ந்து. காலையில ரெண்டு பனடோல் மாத்திர போட்டுட்டுத்தான் வந்தேன். இப்ப கொறஞ்சிரும்."

"ஏன் சொல்லல? பெரட்டுல தெனமும் இருக்கேன்னுதானே சொன்னீங்க?"

"இருந்தேனே மிஸ்ஸி." சிரிக்கப் பார்த்தார். "காய்ச்சல்னு சொன்னா என் நெரைய வேற ஆளுக்குக் கொடுத்துருவீங்க."

நெரை என்பது ஒரு தொழிலாளிக்கு வெட்டக் கொடுக்கும் மரவரிசை. பெரட்டில் உடம்பு முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்கு அந்த வரிசை வேறொருவர் கைக்குப் போகும். எங்கள் அப்பா காய்ச்சலோடு களத்தில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கங்காணி பக்கத்தில் வந்ததும் நெஞ்சை நிமிர்த்துவார். குரலை மட்டும் எப்படியோ சத்தமாகக் கொண்டுவருவார். எங்களைப் போன்ற வீடுகளில் அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கீமோ எடுக்கும் உடம்பில் காய்ச்சல் என்றால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. எதிர்த்து நிற்க வெள்ளணு இருக்காது. இடையில் எண்ணிக்கை விழுந்திருந்தது. இரத்த அழுத்தம் எடுத்தேன், மிகவும் தாழ்ந்திருந்தது, மறுபடி எடுத்தேன், கருவி பொய் சொல்கிறது என்று நினைத்து மூன்றாவது முறை கையால் எடுத்தேன். இரண்டு கைகளிலும் டிரிப் போட்டோம். கிருமி பார்க்க இரத்தம் எடுத்துக்கொண்டு உடனே ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். டாக்டர் ஐசியுவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். சிஸ்டர் முக்காலியைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"சிஸ்டர், என் எடம் இருக்குல்ல?"

"இருக்குது ஆறுமுகம். உங்கட இடம் உங்களுக்குத்தான்."

"அடுத்த வாரமா?"

அந்த ஒரு தடவைதான் சிஸ்டர் தனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னதை நான் கேட்டேன். "ஓம். அடுத்த கிழமை" என்றார்.

தள்ளுகட்டிலில் போகும்போது ஆறுமுகம் அண்ணே நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மேய் ஆன்ட்டி, "சீக்கிரம் வா லா!" என்று கத்தினார். மறுநாள் ஐசியுவில் அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறொருவரை உட்கார வைக்க வேண்டியிருந்தது. காத்திருந்தவர்கள் அத்தனை பேர். சிஸ்டர் அந்த டிரிப்பைத் தானே மாட்டினார். எங்கள் யாரையும் தொட விடவில்லை.

பெரட்டு நின்றுவிட்டது. பாக்கியம் அக்கா குழுவில் ஒன்றும் போடவில்லை, வேனில் ஏறினாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வார்டில் எல்லோரும் மருந்து முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். அந்த வாரங்களில் இரண்டு பேர் நாள் தள்ளிப்போனபின் திரும்ப வரவே இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் என் காரில் ஏறிக்கொண்டு, "சுங்கை சிப்புட்டுக்கு விடும்" என்றார். பாக்கியம் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் எதிரே தரையில் உட்கார்ந்து தானும் ஒரு கை நெத்திலியை அள்ளிக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் தலை கிள்ளினார்கள்.

"நான் கூப்பிட்டேன் சிஸ்டர். அவரு இருக்கேன்னாரு. நான் அடுத்த பேருக்குப் போயிட்டேன்."

"நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் போனம்."

"ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் பெரட்டுல நின்னவ. கொரலு சத்தமா வந்தா ஒடம்புக்கு முடியலன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

சிஸ்டர் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. "திரும்பத் தொடங்குங்கோ. ஆனா இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லக் கூடாது. காலமை காய்ச்சல் பாத்து அந்த எண்ணையும் சொல்ல வேணும். ஒவ்வொருத்தரும்."

பாக்கியம் அக்கா முதன்முறையாக நிமிர்ந்தார். "காய்ச்சல் எண்ணச் சொன்னா நாள் போயிரும்னு எல்லாருக்கும் தெரியும். பொய்யான எண்ணத்தான் சொல்வாங்க. நானா இருந்தாலும் அதத்தான் சொல்வேன்."

சிஸ்டர் நெத்திலியைக் கீழே வைத்தார். "சொன்னவையின்ட இடம் போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

அதை அவர் செய்தும் காட்டினார். காய்ச்சலுக்காக மருந்து நிறுத்தப்பட்டவருக்கு அடுத்த சிகிச்சைத் தேதியை அவர் வார்டை விட்டுப் போவதற்குள் டாக்டரிடம் வாங்கிவிட வேண்டும் என்று வைத்தார். டாக்டருக்கு முதலில் விருப்பமில்லை. சிஸ்டர் தினமும் அவருடைய அறை வாசலில் போய் நின்றார். பேசக்கூட மாட்டார், நிற்பார். கடைசியில் டாக்டர் ஒத்துக்கொண்டார்.

பெரட்டு திரும்ப வந்தது. மருந்தகத்தில் ஆளுக்கொரு வெப்பமானி வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் மேய் ஆன்ட்டி, "இருக்கேன் லா. தர்ட்டி சிக்ஸ் பாயின்ட் ஃபைவ். கங்காணி, தேத்தண்ணி குடிக்கப் போலாமா?" என்றார். அவருக்குப் பிறகு வழக்கமாக ஆறுமுகம் அண்ணே பெயர் வரும். பாக்கியம் அக்கா அந்த இடத்தில் மூச்சு வாங்கினார், பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு காய்ச்சலைச் சொன்னவர்கள் பலர். அவர்களை உடனே வரவழைத்து மருந்து கொடுத்தோம். மேய் ஆன்ட்டி இன்றைக்கும் பாசாரில் உட்கார்ந்திருக்கிறார்.

சிஸ்டர் ஓய்வு பெற்றார். பிறகு நானும். வேலையோடு இதெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ரூபினியின் முதல் கீமோ அன்று, மறுபடி மருந்துக்கு வந்திருந்த பாக்கியம் அக்கா அவளைப் பார்த்துவிட்டார். "மிஸ்ஸி மகளா?" என்று கேட்டுவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் அவளுடைய எண்ணை வாங்கிக் குழுவில் சேர்த்துவிட்டார். என்னைச் சேர்க்கவில்லை. சிஸ்டர் போட்ட விதி இன்னும் இருக்கிறது.

அதனால் நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். விடியும் முன் அடுத்த அறையில் வெப்பமானி கூவும். பாக்கியம் அக்காவின் குரல் பெயர்களைக் கூப்பிடும். ரூபினி பதில் சொல்வாள். என்னிடம் "நல்லாத்தான் இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவள், "அக்கா, ராத்திரியெல்லாம் வாந்தி. அம்மாகிட்ட சொல்லல, அவங்க மூஞ்சியப் பாக்க முடியல" என்று அங்கே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எத்தனையோ தாய்மார்களுக்கு நான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். அன்று நான் குசினியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

முதலில் சொன்ன அந்தக் குறுஞ்செய்திக்குப் பின் நீண்ட நாள் ஒன்றும் வரவில்லை. ரூபினி கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் விரலைக் கழுத்தோரம் கொண்டுபோவாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் காதணியைத் திருகுவதுபோல் கையை மாற்றிக்கொள்வாள். ஒருவழியாக நாள் கிடைத்தது. முதல் நாள் இரத்தமும் நன்றாக இருந்தது. இரவே பையைக் கட்டி வைத்தேன். சால்வை, வெந்நீர் புட்டி, பிஸ்கட், பனடோல்.

காலையில் நான் அவளுடைய அறை வாசலுக்கு வந்தபோது உள்ளே வெப்பமானி கூவியது. கதவைத் தட்டக் கை எடுத்தேன். அது மறுபடி கூவியது. பிறகு இன்னொரு தரம். ஒருவர் எதற்காக மூன்று தடவை பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே பாக்கியம் அக்காவின் குரல் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது. அந்தக் குரல் இப்போது மிகவும் மெலிந்துவிட்டது. நோய் எலும்புக்குப் போய், மருந்தை நிறுத்தியாயிற்று. காத்திருக்க அவருக்கு நாள் எதுவும் இல்லை. ஆனாலும் கூப்பிடுகிறார்.

"ரூபினி பிள்ள."

பதில் வரவில்லை. பையில் பனடோல் இருப்பது என் நினைவுக்கு வந்தது. ஒன்றைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும், வார்டில் பார்க்கும்போது சரியாக இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. ஆறுமுகம் அண்ணேயின் கழுத்தில் புறங்கை வைத்த எனக்கு அந்த எண்ணம் வந்தது. இந்த நாளும் போனால் அடுத்தது எப்போது? என் உதடு, சொல்லாதே, சொல்லாதே என்று சத்தமில்லாமல் அசைந்தது.

"இருக்கேன்க்கா" என்றாள் ரூபினி. "முப்பத்தெட்டு புள்ளி மூணு." பிறகு கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்குத்தான்க்கா எனக்கு நாள்."

பாக்கியம் அக்காதான் பேசினார். "தெரியும் பிள்ள. தெரிஞ்சுதான் கேட்டேன். ஒன் நெரை ஒனக்குத்தான், யாரும் எடுக்க மாட்டாங்க. போ, அம்மாவ எழுப்பு."

கதவு திறந்தது. "எந்திரிச்சிட்டீங்களா?" என்றாள். அவளுடைய முகம் ஒருமாதிரிச் சிவந்திருந்தது. நான் பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்தினேன். குனோங் ராபாட் மலைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வருவதற்குள் காரை எடுத்துவிட்டோம். வழியில் அவள் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு, "பொய் சொல்லலாம்னு நெனச்சேன்மா" என்றாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

காலத்தோடு போனதால் காய்ச்சல் அடங்கியது. பல நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும் அன்று ஷாமினி அந்த முக்காலியை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்திருந்தாள். ரூபினியின் எதிரே உட்கார்ந்தாள்.

"தேதி குடுக்க முடியல தங்கச்சி. சிஸ்டர் இருந்தப்ப கையோட குடுப்பாங்க. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து வரணும், டாக்டர் கையிலயும் இல்ல. மருந்தும் ஒண்ணு வரல. எப்பன்னு எனக்குத் தெரியாது. வியாழக்கிழம போன் பண்றேன். ஒண்ணும் தெரியாட்டியும் பண்றேன்."

ரூபினி தலையாட்டினாள். பாக்கியம் அக்கா சொன்ன நெரை அவளுக்கு இருக்கிறதா இல்லையா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

போன வியாழக்கிழமை ஷாமினி போன் செய்தாள். "ஒண்ணும் இல்லக்கா. அதச் சொல்லத்தான் எடுத்தேன்" என்றாள். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். அந்தப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை நான் சொன்ன வார்த்தைகள். அவற்றைக் கேட்டுவிட்டுப் போனை வைப்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் அன்று இரவு நான் தூங்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஷாமினி.

பாக்கியம் அக்காவுக்கு மூச்சு முட்டுகிறது. நீளமாகப் பேச முடிவதில்லை. இந்த வாரம் முதல் பெரட்டை ரூபினியைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். இன்று காலையும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கூப்பிட்டாள். முதல் பெயரே, "பாக்கியம் அக்கா." பிறகு காத்திருந்தாள். நானும் இந்தப் பக்கம் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, காற்றைப் போல ஒரு "இருக்கேன்" வந்தது.

மற்ற பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. மேய் ஆன்ட்டி எதற்கோ சிரித்தார். கடைசியில் என் மகள் தன் பெயரைத் தானே கூப்பிட்டாள்.

"ரூபினி... இருக்கேன். முப்பத்தாறு புள்ளி ஏழு. நாள் இன்னும் தெரியல. இன்னைக்கு வியாழக்கிழம, போன் வரும்."